எருக்கலை தெரியும், அதன் காவடி தெரியுமா?

ஆடு கடிக்காது. மாடு முகர்ந்துவிட்டு விலகும். பங்குனி வெயிலுக்கு வாடாது. சோளகம் அள்ளி எறியும் மணலுக்கும் உப்புக்கும் கருகாது. ஒருவரும் நட்டதில்லை, ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதில்லை. அப்படியிருந்தும் வேலணைத் தீவில், சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வழியில், வருஷம் முழுக்கப் பூவோடு நிற்கிறது ஒரு செடி. கடலில் குளிக்க வந்த சனம் அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிறதே தவிர, நின்று பார்ப்பதில்லை. எருக்கலை! தமிழ்நாட்டில் எருக்கு என்பார்கள், சிங்களத்தில் வரா. அந்தச் செடிக்குள் என்னென்ன வேலையெல்லாம் நடக்கிறது தெரியுமா?

முதலில் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. கேட்க நல்ல மழைதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. மணலோ, பெய்த தண்ணீரை ஒருநாள்கூட மேலே வைத்திருக்காது. ஆக, சாட்டி மணல் மழை பெய்கிற பாலைவனம்!

அந்த மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிற நல்ல தண்ணீர்! மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் கீழேயுள்ள உவர்நீரோடு உடனே கலந்துவிடாமல், அதன்மேல் ஒரு வில்லையாகத் தங்கிவிடும். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீர் ஆராய்பவர்கள் போடும் கணக்கு. தீவகத்தில் சாட்டிக் கிணறுகளுக்கு ஒரு தனி மரியாதை இருப்பது சும்மாவா? எருக்கலையும் அந்தத் திசையில்தான் ஆணிவேரை இறக்குகிறது. பாலை மணலில் இதன் உடன்பிறப்பான செடியின் வேர் 3 மீற்றர்வரை இறங்கியிருப்பதை அளந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அடம்பன் கொடி மேலே மேலே படர்ந்து மணலைக் கட்டிப்பிடிக்கும். எருக்கலை கீழே கீழே போகும்.

இனி ஓர் இலையைப் பாருங்கள். காம்பே இல்லை என்று சொல்லலாம், தண்டை அடிப்பக்கத்தால் அணைத்துக்கொண்டு நிற்கும். எதிரெதிரே சோடியாக வரும், ஒரு சோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த சோடி வடக்கு தெற்கு. ஒன்றின் நிழல் ஒன்றில் முழுதாக விழாது. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறதே, அது தூசி என்று நினைத்தீர்களா? இல்லை! அது இலை தானே நெய்து போர்த்திய கம்பளி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள், அவற்றின் கீழே மெழுகு. மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, காற்று இலையை உரசி ஈரத்தைக் கொண்டுபோவதைக் குறைக்கிறது. மெழுகு உள்ளே இருக்கிற தண்ணீரைப் பூட்டி வைக்கிறது. சாம்பல் பூத்த அந்த நிறத்தை அழகில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் கட்சி மாறிப் பல நாளாயிற்று.

பூவுக்கு வருவோம். அதிசயத்தின் பெரும் பங்கு அங்கேதான்!

சின்ன வயதில் எருக்கலம் மொட்டை நசுக்கி ‘டப்’ என்று வெடிக்க வைக்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் உண்டா? அந்த மொட்டு விரிந்தால் ஐந்து தடித்த இதழ்கள், மெழுகில் வார்த்தது என்று சொல்லத் தோன்றும். சில செடியில் ஊதா, சில செடியில் வெள்ளை. நடுவில் ஐந்து மூலைக் கிரீடம். சரி, மகரந்தம் எங்கே? செவ்வரத்தையில் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டுகிறதே, இதில் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு துளி தூள் வராது. ஏன் தெரியுமா? எருக்கலை மகரந்தத்தைத் தூளாக வைத்திருப்பதே இல்லை! ஆயிரக்கணக்கில் விழுந்து வீணாகிற சமாசாரமெல்லாம் இதனிடம் நடக்காது. முழு மகரந்தத்தையும் மெழுகுப் பைகளில் அடைத்து, இரண்டிரண்டு பையாகச் சேர்த்து, நடுவில் ஒரு கொளுவியால் கோத்து வைத்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசல் காவடி! தோளில் படுகிற இடத்தில் ஒரு கருநிறப் புள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை. ஒரு பூவில் 5 காவடி, 10 பை. இன்னும் கேளுங்கள். ஒரு காவடியின் இரண்டு பையும் ஒரே மகரந்தக்கூட்டிலிருந்து வந்தவை அல்ல. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கூடுகள் ஆளுக்கு ஒரு பை கொடுத்துச் செய்தது ஒரு காவடி!

இதே உபாயத்தை உலகில் வேறு யார் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஓர்கிட்! மலைநாட்டுக் குளிரில் மரக்கொப்பில் வாழும் அந்தச் சீமாட்டிகளுக்கும் சாட்டி மணலில் வெயில் காயும் எருக்கலைக்கும் கிட்டிய உறவு ஒன்றுமில்லை. இரு குடும்பங்களும் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாமல், ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. பூக்கடையில் ஓர்கிட் கொத்து என்ன விலை, ஒழுங்கையோர எருக்கலம்பூ என்ன விலை என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

காவடி தூக்குவது யார்? கருவண்டு. வீட்டு வளையிலும் மூங்கிலிலும் ஓட்டை போடுமே, மினுமினுக்கிற கறுப்பு வண்டு, அதுதான். கிரீடத்தின் மேல் ஏறி நின்று தேனுக்காகத் தும்பிக்கையை நீட்டும்போது அதன் கால் வழுக்கி, கிரீடத்தின் பக்கவாட்டில் இருக்கிற ஒரு சிறு பிளவுக்குள் போய்விடும். அப்படி ஐந்து பிளவுகள் இருக்கின்றன. காலை மேலே இழுக்கும்போது பிளவின் உச்சியில் காத்திருக்கிற கொளுவி கவ்விக்கொள்ளும். வண்டு காலை உதறிவிட்டுப் பறக்கும், காவடியும் கூடவே போகும். அடுத்த பூவிலும் அதே வழுக்கல், அதே பிளவு. இந்தத் தடவை பை உள்ளே சிக்கி, முறிந்து, அங்கேயே தங்கிவிடும். பூட்டுக்கு ஏற்ற சாவி நுழைந்தால்தான் கரு. பெலமில்லாத சின்னப் பூச்சிகள் காலை இழுக்க முடியாமல் இந்தக் குடும்பப் பூக்களிலேயே மாட்டிச் செத்துப்போவதும் உண்டு. சாமி பூவென்று நாம் வைத்திருக்கிற பூவுக்குக் கொஞ்சம் கல்மனசுதான்.

வேண்டுமானால் நீங்களே கருவண்டாகலாம். பூவைப் பறித்துக் காம்புப் பாலைத் துடைத்துவிட்டு, மெல்லிய ஊசியின் நுனியைக் கிரீடத்தின் மூலைப் பிளவில் கீழிருந்து மேலாக இழுங்கள். காவடி ஊசியில் கொளுவிக்கொண்டு வெளியே வரும். பள்ளிக்கூட விஞ்ஞான பாடத்தில் செவ்வரத்தையை வெட்டிக் காட்டுகிற ரீச்சர்மார் ஒருதரம் இதைச் செய்து காட்டக்கூடாதா?

ஒரு பை சரியாகப் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. அதற்குள் ஒரு காயின் விதைகள் அத்தனைக்கும் போதுமான மகரந்தம் இருக்கிறது. அதனால் ஒரு காய்க்குள் இருக்கிற நூற்றுக்கணக்கான விதைகளுக்கும் ஒரே தகப்பனாக இருக்கலாம்! எவ்வளவு பூக்கிறது, எவ்வளவு குறைவாகக் காய்க்கிறது என்று கவனித்தால், காவடி சரியான வாசலைச் சேர்வது எவ்வளவு அரிது என்று விளங்கும்.

காய் முற்றி வெடித்தால் பஞ்சு. ஒவ்வொரு விதையின் தலையிலும் ஒரு பட்டுக் குஞ்சம். சோளகம் எடுத்தால் எந்தத் தீவில் போய் இறங்குமோ! அந்தப் பஞ்சு இழை உள்ளே வெறும் குழாய், காற்று நிறைந்தது, தண்ணீரை உறிஞ்சாது. தலையணைக்கு அடைத்தார்கள். இலவம்பஞ்சைப் போலவே மிதக்கவும் செய்யும். எருக்கலையின் அமெரிக்கச் சொந்தக்காரச் செடியின் பஞ்சு ஒரு யுத்தத்துக்கே போயிருக்கிறது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றுபோனதும், 1944இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வயல்வரப்பெல்லாம் அலைந்து மூட்டை மூட்டையாக அந்தக் காய்களைச் சேர்த்தார்கள். கடற்படையினரின் உயிர்காப்பு அங்கிக்குள் அடைத்தது அந்தப் பஞ்சைத்தான்.

பாலையில் வாழும் உடன்பிறப்பு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். தார் பாலைவனம், அரேபியா, சகாரா ஓரம் எங்கும் நிற்பது அது. பூவிதழ் விரிந்து மடங்காமல் நிமிர்ந்து நிற்கும், நுனியில் ஊதா. காய் மட்டும் மாங்காய் அளவுக்கு உருண்டு திரண்டு, பசித்தவன் நாவில் நீர் ஊற வைக்கும். பிடித்து நசுக்கினால்? உள்ளே வெறும் காற்று, கொஞ்சம் நார், பஞ்சு, விதை! முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், சாக்கடல் பக்கத்தில் சாபத்தால் எரிந்த சோதோம் நகரத்துக் கனிகள் கையில் எடுத்தால் புகையாகவும் சாம்பலாகவும் போய்விடும் என்று எழுதினார். அது இந்தக் காய்தான் என்பது பலருடைய கருத்து. ‘சோதோம் அப்பிள்’ என்ற பெயர் இன்றும் அதற்கு உண்டு. அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் இப்போது மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் களையும் இதுவே. ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த பஞ்சோடு வந்து இறங்கியது என்று அங்கே கதை சொல்வார்கள்.

சாபம் என்றதும் நம்மூர் ஞாபகம் வருகிறது. “உன்ரை வீட்டிலை எருக்கலை முளைக்க!” என்று மண் அள்ளித் தூற்றினால் அதற்குமேல் ஒரு வசவு இல்லை. செடியியல் தெரிந்த வசவு அது! ஆள் நடமாட்டம் நின்ற நிலம், இடிந்த சுவரின் சுண்ணாம்பு, நிழல் தர ஒன்றுமில்லாத வெயில், தின்ன ஆள் இல்லாத பசுமை. எருக்கலைக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா? விதை காற்றில் வருகிறது, வேர் பிளவைத் தேடிக்கொள்கிறது, வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் யுத்தம் தீவகத்தை வெறிச்சோட வைத்தது. ஆண்டுகள் கழித்து வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் திரும்பி வந்த பலருக்கு, முற்றத்திலும் கூரை போன அறைக்குள்ளும் எதிர்ப்பட்டது எருக்கலை. வீடு பாழானதற்கு அது காரணமல்ல, பாழான பிறகு வந்த முதல் குடி. பாவம், பழி மட்டும் அதற்கு.

பாலைச் சொல்லாமல் எருக்கலையைச் சொல்ல முடியுமா? இலையைக் கிள்ளினால் பால், தண்டை முறித்தால் பால், பூவைப் பறித்தால் பால். செடி முழுக்க ஓடுகிற குழாய்களில் அழுத்தத்தோடு நிற்கிறது அது. கடித்த வாயில் பீறிட்டு ஒட்டும், பிறகு இறுகிக் காயத்தையும் மூடிவிடும். அதற்குள் இருக்கிற நஞ்சு அலரியில் இருப்பதற்குச் சொந்தம். இதயத்தின் தசைக்கலங்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் நுண்பம்பி ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. எருக்கலையின் நஞ்சு அந்தப் பம்பியில் போய் அடைத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தாளம் தப்பும். ஆடு ஏன் முகர்ந்துவிட்டுப் போகிறது என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் அதே இலையைத்தான் தேடி வந்து குந்துகிற ஒரு ஆள் இருக்கிறது! கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட ஒரு மயிர்க்கொட்டி. மயிர் இல்லாத மயிர்க்கொட்டி! முதுகில் மூன்று சோடிக் கரிய கொம்புகள் மட்டும். இதுதான் வளர்ந்து செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியாகும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் அதற்கு வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இனத்தின் உடம்பில் அந்தப் பம்பியின் புரதம் சிறிதளவு மாறிப்போயிருக்கிறது. அவ்வளவுதான், நஞ்சுக்குப் பிடி கிடைக்காமல் போய்விட்டது! தின்ற நஞ்சைக் கழிக்காமல் உடம்பிலேயே சேமித்து, சிறகு முளைத்த பிறகும் கொண்டுதிரிகிறது. பிடித்துத் தின்ற குருவி வாந்தி எடுக்கும், பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். 1960களில் அமெரிக்காவில் லிங்கன் பிரவர் என்ற விஞ்ஞானி இதே குலத்து மன்னர் வண்ணத்துப்பூச்சியைப் பறவைக்குக் கொடுத்து, அது கக்குவதைப் படம் பிடித்தே காட்டினார்.

இதைப் பார்த்துக் கள்ளவேலை செய்கிற ஒருத்தியும் உண்டு தெரியுமா? நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சி இனத்தில், பெண் மட்டும் வெந்தய வரியனின் உடையை அச்சுப்பிசகாமல் உடுத்திக்கொண்டு திரியும். ஆண் கறுப்பு, நீலக் கரை போட்ட வெள்ளைப் பொட்டு. பக்கத்தில் வைத்தால் புருசன் பெண்சாதி என்று ஒருவரும் நம்பமாட்டார்கள்! எருக்கலையின் பாலைத் தொடாமலே அதன் பாதுகாப்பைக் கடன் வாங்குகிற கெட்டிக்காரி.

வெந்தய வரியனுக்கு இன்னுமொரு பெருமை. எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் 3,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய வேட்டைக் காட்சி ஒன்று இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. நாணற்புதருக்கு மேல் அதில் பறப்பவை இந்த வண்ணத்துப்பூச்சிகள்தான். நைல் கரையில் ஓவியன் பார்த்ததை நாம் சாட்டியில் இலவசமாகப் பார்க்கலாம்.

மனிதர் பக்கம் திரும்பினால் எருக்கலைக்கு ஊருக்கு ஒரு மரியாதை. நம் பிள்ளையாருக்கு அது மாலை. தமிழ்நாட்டில் ரதசப்தமியன்று ஏழு எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து முழுகுவார்கள். கடலூர் மாவட்டத்துத் திருஎருக்கத்தம்புலியூர்க் கோயிலுக்கு வெள்ளெருக்கே தலமரம். சம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரும் அதுவே. புறநானூற்றின் 106ஆம் பாட்டில் கபிலர், நல்ல பூவென்றும் தீய பூவென்றும் சேராத எருக்கைச் சூட்டினாலும் தெய்வம் வேண்டாமென்று சொல்லாது, பாரியும் அப்படித்தான், அறிவில்லாதவர் போய் நின்றாலும் கொடுப்பான் என்கிறார். காதலி கிடைக்காத சங்ககாலத்து இளைஞன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ மாலையைச் சூடி, ஊர்த்தெருவில் தன் காதலை அம்பலப்படுத்துவான். யோசித்துப் பாருங்கள்: பனையும் எருக்கலையும் பக்கம் பக்கமாக நிற்கிற சாட்டியில் மடலேறுவதற்கு ஒரு சாமானும் வெளியிலிருந்து வாங்கத் தேவையில்லை!

நம்மிடம் ஏமாந்த காதலனின் மாலை. தாய்லாந்தில் அதே பூ கலியாண மாலையில்! மல்லிகையோடு சேர்த்து எருக்கலம்பூவைக் கோக்காமல் அங்கே மங்கல மாலை கட்டுவது குறைவு. ஹவாய்த் தீவுகளின் கடைசி அரசி லிலியுவோகலானிக்குப் பிடித்த பூவும் இதுதான். கிரீடப் பூ என்று சொல்லி அங்கே இன்றும் கழுத்து மாலை கோக்கிறார்கள். 1679இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த மலபார்ச் செடிநூலின் இரண்டாம் பாகத்தில் ஒல்லாந்தர் ‘எரிக்கு’ என்று பெயர் போட்டுப் படமும் அச்சிட்டார்கள். வேலணைக்கு லைடன் என்று தங்கள் நகரத்தின் பெயரை வைத்த அதே ஒல்லாந்தர்தான். லின்னேயஸ் 1753இல் அதற்கு ‘பெரியது’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரைக் கொடுத்தார். மூன்று, நான்கு மீற்றர் உயரத்துக்கும் போகக்கூடிய செடி, பொருத்தமான பெயர்தான்.

தண்டுப் பட்டையை உரித்தால் வெள்ளை வெளேரென்று நார் வரும். கடல் தண்ணீரில் இலகுவில் உக்காது. நைலோன் வருவதற்கு முன்னர் இந்தியக் கரைகளில் வலைக்கும் தூண்டிலுக்கும் அதை முறுக்கினார்கள், வில்லுக்கு நாணும் அதுதான். தண்டை எரித்த கரி வெடிமருந்துக்குப் போனது. இப்போது ஆரோவில் பக்கம் ஃபாபோர்க் என்ற நிறுவனம் எருக்கு இழையிலிருந்து ‘வெகனூல்’ என்ற துணிநூலைச் செய்கிறது. தண்ணீர் கேட்காத, மருந்து கேட்காத, வேலி கேட்காத பயிர் ஒன்று தீவகம் முழுக்கச் சும்மா நிற்கிறது என்பதை யாராவது ஒரு இளந்தாரி கவனித்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. இது அதிசயம் மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட. முள் ஏறிய காலுக்கு எருக்கலம் பால் விடுகிற கைவைத்தியம் ஊரில் உண்டு, பூமாலை கட்டுகிற கையிலும் பால் ஒட்டும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் என்ன நடக்கும் தெரியுமா? பெரிதாக நோகாது! அதுதான் ஆபத்து. பால் கருவிழியை ஊடுருவி, அதைத் தெளிவாக வைத்திருக்கும் உட்கலங்களைக் கெடுத்துவிடும். சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை புகை மூடும். அந்த உட்கலங்கள் அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. இந்தியக் கண் வைத்தியர்கள் இப்படி வந்த நோயாளர் பலரைப் பதிவு செய்திருக்கிறார்கள், உடனே வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. ஆகவே சாட்டிக்குப் போகிறபோது எருக்கலையின் காவடியை எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, நோகவில்லைத்தானே என்று இருந்துவிடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.